வேலை போகும் வாரத்தில் வாங்கிய சந்தா ரசீது: ஐ.டி. தொழிற்சங்கச் சேவை பற்றி

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த நான், 2023 மே மாதத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கான ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினரானேன். சேர்க்கைக் கட்டணம் நூறு ரூபாய், மாதச் சந்தா நூறு ரூபாய். அதுவரை கைப்பேசிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் படம் பார்க்கும் செயலிகளுக்கும் மாதந்தோறும் யோசிக்காமல் பணம் கட்டிவந்த எனக்கு, இப்படியொரு சந்தா இருப்பதே வேலை போகும் தறுவாயில்தான் தெரியவந்தது. அதன்பின் அந்தச் சங்கத்தின் துணையோடு தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சுவார்த்தையில் ஒன்பது மாதங்கள் உட்கார்ந்து எழுந்தேன். ஒரு கடையைப் பற்றியோ உணவகத்தைப் பற்றியோ எழுதுவதைப் போலவே இந்தச் சேவையைப் பற்றியும் பயன்படுத்தியவர்கள் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இதைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பதற்றத்தில் வருகிறார்கள். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்கள் எடுக்கும் முடிவுகள் வேறாக இருக்கும். நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பது நான் கையெழுத்திட்ட நிபந்தனைகளில் ஒன்று. சங்கத்தின் பெயரைச் சொன்னால் நிறுவனத்தையும் ஊகித்துவிடலாம் என்பதால் அதையும் தவிர்த்திருக்கிறேன்.

நடந்தது பலருக்கும் பழக்கமானதுதான். ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்த ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் ‘பெஞ்சில்’ ஏழு வாரம் இருந்தேன். முந்தைய ஆண்டுவரை நன்றாக இருந்த என் ஆண்டு மதிப்பீட்டு ரேட்டிங் அந்த ஆண்டு கடைசிப் படிக்கு இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்தாம் மாடியில் இருந்த சிறிய சந்திப்பு அறைக்கு அழைத்தார்கள். எச்.ஆர். தரப்பில் இருவர் இருந்தார்கள். என் மடிக்கணினியைத் திறந்து ராஜினாமா பதிவு செய்யும் பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். காரணங்களின் பட்டியலில் ‘சொந்தக் காரணங்கள்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதன் கீழே இருந்த பொத்தானை அழுத்தினால் நான்கு மாதச் சம்பளமும் குறையில்லாத ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும். அழுத்தாவிட்டால் டெர்மினேஷன், அடுத்த நிறுவனம் செய்யும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அது தெரியவரும், மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். இருவருமே குரலை உயர்த்தவில்லை. ஒருவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மிரட்டல் என்று பிற்பாடு யாரிடமும் எடுத்துச் சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் மரியாதையாக நடந்தது.

கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொல்லி வெளியே வந்து, முன்னாள் சக ஊழியர் ஒருவர் எப்போதோ அனுப்பிவைத்திருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் இன்னொரு நிறுவனத்தில் டெவலப்பர். தன் இருக்கையில் இருந்து எழுந்து மாடிப்படிக்கு வந்து பேசினார் என்பது அந்த எதிரொலியிலேயே தெரிந்தது. பொத்தானை அழுத்தாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொன்னார். அவகாசம் வேண்டும், சொல்வதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்கச் சொன்னார். அன்று மாலையே என் சொந்த மின்னஞ்சலில் இருந்து, எந்த அறையில் எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை எச்.ஆருக்கு எழுதி அனுப்பச் சொன்னார். நான் நினைத்தே பார்த்திராத ஒன்றையும் சொன்னார்: பயத்தில் அலுவலகக் கோப்புகளை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே ஒழுங்கீனம் என்று காட்டி வேலையை விட்டு நீக்குவார்கள், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பள உயர்வுக் கடிதங்கள் ஆகிய உங்களுக்கென்று தரப்பட்டவை மட்டும் போதும். ஆறு நிமிடம் பேசினோம். நூறு ரூபாய்ச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த ஆறு நிமிடத்தையே முதலில் சொல்வேன். நான் அப்போது உறுப்பினர்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அறிவுரை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் விளங்கியது. அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவு, தனியொரு தொழிலாளியை நீக்கினாலும் அதைத் தொழில் தகராறாகக் கருத வழி செய்தது. நீக்கியிருந்தால்தான் அந்த வழி. தானே ராஜினாமா செய்ததாகப் பதிவாகிவிட்டால், கட்டாயத்தின் பேரில்தான் செய்தேன் என்று மெய்ப்பிக்கும் சுமை ஊழியரின் தலையில் ஏறிவிடும். நிறுவனங்கள் டெர்மினேஷன் கடிதத்தைவிட ராஜினாமாவை விரும்புவதற்கு இதுவே காரணம். நான் அழுத்தவில்லை; இரண்டு நாளில் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை; மூன்றாம் நாள், செயல்திறன் குறைவு என்று ஒரே வரியில் காரணம் சொல்லி நீக்கக் கடிதம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஓர் அறை, எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. எல்லோரும் என்னைத் தோழர் என்று அழைத்தார்கள். பேர் சொல்லியே பழகிய எங்கள் துறையில் இருந்து வந்த எனக்கு அந்தச் சொல் முதல் இரண்டு வாரம் கூச்சமாகவே இருந்தது. அன்று எனக்கு நேர்ந்த பெரிய திறப்பு ஒரு கணக்கு. நான்கு மாதச் சம்பளத்தை வேண்டாம் என்றது அவசரப்பட்ட செயலோ என்று நான் உள்ளூர வருந்திக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த பழைய துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒருவர் எழுதிக் காட்டினார். ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும், சட்டம் சொல்லும் சில விலக்குகள் நீங்கலாக, அது ஆட்குறைப்புதான். ஆட்குறைப்பு என்றால் 25எஃப் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்குத் தகவல். பன்னிரண்டு ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் 180 நாள். அதாவது, பெருந்தன்மையோடு தருவதாகச் சொல்லப்பட்ட நான்கு மாதம், சட்டம் குறைந்தபட்சமாக வகுத்த ஆறு மாதத்தைவிடக் குறைவு. பணிக்கொடை இதில் சேராது. அது ஐந்தாண்டு முடித்த எவருக்கும் அன்றிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாகச் சேர வேண்டியது. அதே வாரத்தில் என் பிரிவில் அந்தப் பொத்தானை அழுத்திய நால்வரில் ஒருவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. அவர்கள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. வீட்டுக் கடன் தவணை மாதம் தவறாமல் வருகிறவர்களிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

சங்கம் செய்யும் வேலைகளிலேயே நுட்பமானது, நாம் தொழிலாளிதான் என்று காட்டும் வேலை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வழக்கு இங்கேதான் நிற்கும் அல்லது விழும். அன்றிருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஸ்) பிரிவு உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்துப்பணி எல்லாவற்றையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. மேலாண்மை அல்லது நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களையும், மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களையும் வெளியே நிறுத்தியது. தொழில்நுட்ப வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சம்பள வரம்பு கிடையாது. ஆகவே, எங்கள் துறையில் ஏழெட்டு ஆண்டு கழிந்ததும் எல்லோருக்கும் ஒட்டப்படும் லீட், மேனேஜர் என்ற பட்டங்கள் நிறுவனத்துக்கு வாகாக அமைந்துவிடுகின்றன. என் பதவியின் பெயரிலும் மேனேஜர் என்ற சொல் இருந்தது. ஆனால், பதவியின் பெயரைப் பார்க்காமல் செய்யும் வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன நிலைப்பாடு. சங்கத்தில் இருந்த ஓர் அம்மா, வேறொரு நிறுவனத்தில் இதே வழக்கை நடத்தி முடித்தவர், என்னை உட்காரவைத்துக் கேட்டார்: விடுப்பு கேட்டால் நீங்கள் அனுமதிக்க முடியுமா, அல்லது மேலே அனுப்பத்தான் முடியுமா? ரேட்டிங் நீங்கள் போடுவதா, கருத்து மட்டும் சொல்வதா? யாரையாவது வேலைக்கு எடுத்திருக்கிறீர்களா? உங்கள் கையெழுத்தில் ஒரு ரூபாயாவது செலவாகுமா? எதற்கும் ஆம் என்று சொல்ல முடியவில்லை. காலையில் டெஸ்ட் கேஸ் எழுதுவது, பிழைகளைப் பதிவு செய்வது, இரவு ரிலீஸ் முடியும்வரை விழித்திருப்பது, மறுநாள் அறிக்கை அனுப்புவது: இதுதான் என் வேலை. ஒரு வழக்கமான வாரத்தை மணிக்கணக்கில் எழுதிவரச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் என் வேலையை நான் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் என்று எனக்குச் சூட்டிய பெயருக்கும் நான் வாழ்ந்த வாழ்க்கைக்கும் இருந்த தூரம் அந்தக் காகிதத்தில் தெரிந்தது.

சமரச அலுவலரின் அறையில் நடப்பதைப் பற்றித் தவறான எதிர்பார்ப்போடு பலர் வருகிறார்கள். அது நீதிமன்றம் அன்று. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சமரச அலுவலருக்கு இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசிப் பார்ப்பார், முடியாவிட்டால் முறிவறிக்கை எழுதுவார். மனு கொடுத்து 45 நாள் கழிந்தும் தீராவிட்டால், அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் ஊழியரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்திருந்தது. எங்களுக்கு ஏழு வாய்தா ஆயிற்று. அவற்றில் இரண்டில் நிறுவனத் தரப்பில் யாரும் வரவில்லை. ஒன்றில் வந்தவர், தனக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தேதி கேட்டார். இது யாரையும் களைக்க வைக்கும், களைக்க வைப்பதுதான் நோக்கமும். அன்றைக்கெல்லாம் வரவேற்பறையில் துணிக்கடை ஊழியர்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், ஒரு முடிக்கப்படாத கட்டடத்தின் காவலாளி ஆகியோருடன் ஒரே பெஞ்சில் காத்திருந்தேன். நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருந்தது ஒரே வடிவிலான 2ஏ மனு.

அந்த அறைக்குள் சங்கத்தின் மதிப்பு தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. சட்டத்தின் 36ஆம் பிரிவு சமரச நடவடிக்கையில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இடம் தரவில்லை. ஊழியரின் பக்கம் தொழிற்சங்கப் பொறுப்பாளர் உட்காரலாம். எனவே, நிறுவனத்தின் பெரிய சட்ட அலுவலகம் வெளியே நிற்க, உள்ளே என் பக்கத்தில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். “இவர் மேனேஜர் கேடர், தொழிலாளியே இல்லை மேடம்” என்று எதிர்த்தரப்பு அதிகாரி முதல் வாய்தாவில் சொன்னபோது, நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செயலாளர் அந்த நான்கு பக்கத்தை மேசையில் நகர்த்திவைத்து, இதில் எந்த வரி நிர்வாகப் பணி என்று மட்டும் காட்டுங்கள் என்றார். அதன்பின் அந்த வாதம் மறுபடி எழவில்லை. தனியாகப் போயிருந்தால் நான் என் திறமையைப் பற்றியும் வாங்கிய விருதுகளைப் பற்றியும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பேன். அங்கே எதற்கும் உதவாத பேச்சு அது.

முடிவு: 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். சட்டக் கணக்குக்குச் சற்று மேலான தொகை கொடுத்தார்கள். அனுபவச் சான்றிதழில் எந்தக் குறிப்பும் இல்லை. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதை விரும்பினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் இன்னும் சில ஆண்டுகள் நிற்க வேண்டும் என்பதைச் சங்கம் மறைக்காமல் சொன்னது. முடிவை என்னிடமே விட்டது. தொகையில் ஒரு பங்கும் கேட்கவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவை சரிசெய்யக் கூடியவை. என் கதையை மூன்று பேரிடம் மூன்று முறை ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். ஒருவர் எழுதிவைத்த குறிப்பு இன்னொருவரிடம் போய்ச் சேரவில்லை. பிழை கண்காணிப்பு மென்பொருளிலேயே நாள் முழுவதும் வாழ்கிறவர்கள் நடத்தும் சங்கம், உறுப்பினரின் வழக்குக் குறிப்பைக் காகிதத் துண்டுகளில் வைத்திருப்பது எனக்குப் புரியாத விஷயம். முதல் மனுவில் நிறுவனத்தின் பதிவு முகவரிக்குப் பதிலாகக் கிளை முகவரியை எழுதிவிட்டதால் நோட்டீஸ் திரும்பி வந்து ஐந்து வாரம் வீணாயிற்று. எல்லோரும் தங்கள் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் என்பதால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், வேலை போன நிலையில் ஐந்து வாரம் என்பது சிறிய காலம் இல்லை. துண்டறிக்கைகளின் மொழி பழைய ஆலைக் காலத்து மொழி, பி.ஐ.பி. (செயல்திறனை உயர்த்தச் சொல்லித் தரும் கெடு), பில்லிங் (வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கும் வேலையில் இருப்பது), ஆன்-கால் (எப்போது அழைத்தாலும் வேலைக்கு வரத் தயாராக இருப்பது) போன்ற எங்கள் அன்றாடச் சொற்கள் அவற்றில் அபூர்வம். இரவு ஷிஃப்டில் வரும் பெண்கள், ஒப்பந்த ஊழியர்கள் ஆகியோரின் பிரச்சினைகள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டன. உறுப்பினர் பட்டியலை நிறுவனத்துக்குத் தெரியாமல் காப்பதில் மட்டும் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். பக்கத்து இருக்கைக்காரர் உறுப்பினர் என்பது எனக்கே ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் தனிமனித மீட்பு. அந்த அளவில் இந்தச் சேவை நன்றாக வேலை செய்கிறது. என் மனத்தை இன்றுவரை உறுத்துவது வேறு. தொழிற்சங்கம் என்ற அமைப்பின் மையமான பயன் இது அன்று. எல்லோருக்குமாகச் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசும் கூட்டு பேரமே அதன் மையம். அந்தப் பயனை நாங்கள் இன்னும் கேட்டு வாங்கவே இல்லை.

என் அப்பா வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் செட்டில்மென்ட் என்ற சொல் தீபாவளி என்பதைப் போலக் காத்திருக்கும் ஒரு சொல்லாக இருந்தது. வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி நாடு முழுவதற்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் போடும் முறை 1966ஆம் ஆண்டில் தொடங்கியது. பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8ஆம் தேதி, 17 சதவீத உயர்வோடு கையெழுத்தானது. அதே மாதத்தில்தான் நான் என் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அப்பா என் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “இதிலே உன் பேர் மட்டும்தானே இருக்கு?” என்று கேட்டார். சம்பளச் சீட்டைப் பார்த்தால் எழுத்தராக அவர் கடைசியாக வாங்கியதைவிட நான் பல மடங்கு வாங்கினேன். ஆனால், எந்த ஆண்டு எவ்வளவு உயரும், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், நீக்குமுன் என்ன விசாரணை நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அச்சிட்ட புத்தகத்தில் இருந்தது. எனக்கு ஒரு மேலாளரின் மனநிலையிலும், இத்தனை பேர் கடைசிப் படியில் இருந்தே ஆக வேண்டும் என்று பிரிக்கும் ஒரு பெல் கர்விலும் இருந்தது.

தொழிலாளர் துறையில் பழகியவர்கள், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து, 18(1) ஒப்பந்தம், 12(3) ஒப்பந்தம் என்று இரண்டைச் சொல்வார்கள். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் பேசிப் போடுவது முதலாவது. அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது இரண்டாவது. அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளிகளையும், சங்கத்தில் சேராதவர்களையும், இனிமேல் வேலைக்கு வரப்போகிறவர்களையும்கூட அது கட்டுப்படுத்தும். ஓர் ஆலைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு தெரியும். எங்கள் துறையில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எந்த மேசையில் அமர்ந்து ஊருக்கெல்லாம் பொருந்தும் ஒப்பந்தம் போட முடியுமோ, அதே மேசையில் நாங்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, ஒருவருக்கான தொகையைப் பேசி வாங்கிக்கொண்டு, பெயரைச் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்திட்டுப் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன்.

சட்டத்தில் இடமில்லை என்பது காரணமாகாது. 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் டி.சி.எஸ். நிறுவனத்தில் நடந்த பணிநீக்கங்களின்போது, கர்ப்பிணியாக இருந்த ஓர் ஊழியர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவரது நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியின் ஐ.டி. பிரிவு எடுத்த முயற்சியின் விளைவாக, ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை, தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. பக்கத்து மாநிலத்தின் நிலைமையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்: கர்நாடகத்தில், வேலை விதிகளை எழுத்தில் வகுக்கச் சொன்ன நிலையாணைகள் சட்டத்தில் இருந்து ஐ.டி. நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகளாக விலக்கு கொடுத்துவந்தார்கள். 2024இல் அதை மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். இருந்தும் அங்கேதான் 2017இல் தொடங்கிய ஐ.டி. ஊழியர் சங்கம், 14 மணி நேர வேலைநாள் பேச்சு 2024 ஜூலையில் எழுந்தபோது நிறுவன வாயில்களில் கூட்டம் போட்டு எதிர்த்தது. ஒரு தனி மனிதரின் வேலை போனதற்காக அல்லாமல், இன்னும் வேலையில் இருக்கிற எல்லோரின் நேரத்துக்காகவும் நடந்த கூட்டங்கள் அவை. இந்த வேறுபாட்டைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

வெளியே எங்கேயும் நடக்காத கனவும் அன்று இது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் மென்பொருள் ஊழியர்கள் அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் 2022இல் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். ஒப்பந்தம் இழுபட்டபோது 2024 நவம்பர் 4ஆம் தேதி, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள், வேலைநிறுத்தத்தில் இறங்கி ஒரு வாரம் நின்றார்கள். டிசம்பரில் முதல் ஒப்பந்தம் கிடைத்தது. தகுந்த காரணம் காட்டாமல் நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும், ஆன்-கால் பணிக்குக் கூடுதல் ஊதியமும் அதில் உண்டு. நம்முடைய சனிக்கிழமை இரவுகளை நினைத்துக்கொண்டு அந்த இரண்டாவது வரியை நான் பலமுறை படித்தேன்.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பதிலாக நிற்கிறது. மேற்பார்வையாளருக்கான சம்பள வரம்பு பதினெட்டாயிரம் ரூபாயாகியிருக்கிறது. ஆண்டுக்கு 15 நாள் என்ற ஆட்குறைப்புக் கணக்கு தொடர்கிறது. நீக்கப்படுகிறவருக்காக நிறுவனம் இன்னொரு 15 நாள் சம்பளத்தை, வேறு திறன் பழக உதவும் மறுதிறன் நிதியில் போட வேண்டும் என்பது புதிது. ஆனால், இந்த மதிப்பீட்டுக்கு முக்கியமான விதி வேறொன்று. ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், தொழிலாளிகளில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேரம் பேச முடியும். அப்படி எதுவும் இல்லாவிட்டால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த குழுவுக்கு அந்த உரிமை. பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில், வேலை போன பிறகு வந்து சேரும் நூறு பேரால் அந்த எண்ணிக்கையின் அருகில்கூடப் போக முடியாது. அதுமட்டும் இல்லை, வேலை போனவர் சம்பளப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். எண்ணிக்கைக்கு உதவுகிறவர், இன்று ரேட்டிங் நன்றாக இருக்கிற, பில்லிங்கில் இருக்கிற, தனக்கு எதுவும் நேராது என்று நம்புகிற ஊழியர்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் இரண்டு சதவீதம், ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் குறைக்கப்படுவார்கள் என்று அறிவித்தபோது, எங்கள் ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார இடம் இல்லை. படிக்கட்டு வரை நின்றார்கள். ஜனவரியில் மறுபடி எட்டு நாற்காலியும் நிரம்பவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் கணக்கு முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். சங்கத்தின் குறைகளாக மேலே நான் எழுதிய பலவும், ஆளும் பணமும் இப்படி வந்து வந்து போவதால் நேர்பவை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், பெஞ்சில் இருப்பவர்கள், பி.ஐ.பி. கடிதம் வாங்கியவர்கள் ஆகியோர் இன்றே சேரலாம். ஆறு நிமிட அழைப்பும் நான்கு பக்கக் குறிப்பும் பக்கத்தில் உட்காரும் ஒரு செயலாளரும் நிச்சயம் கிடைக்கும். இழந்த வேலை இரண்டு மாதத்தில் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். நான் மனமாரப் பரிந்துரைப்பது மூன்றாவது வகையினருக்கு: எந்தப் பிரச்சினையும் இல்லாமல், நல்ல ப்ராஜெக்டில், இந்த ஆண்டு சம்பள உயர்வும் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு. இந்தச் சேவையின் முழுப் பயன் அவர்கள் சேர்ந்தால் மட்டுமே எல்லோருக்கும் கிடைக்கும்.

நான் இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன், சந்தாவை நிறுத்தவில்லை. எங்கள் தளத்தில் பதினோரு பேர் உறுப்பினராகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வேலையில் பிரச்சினை இல்லை. வார இறுதி ஆன்-கால் பணிக்கு ஊதியமோ மாற்று விடுப்போ தர வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கையை ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். பழைய ஆலைத் தமிழை நீக்கிவிட்டு எங்கள் சொற்களிலேயே எழுதினோம். கையெழுத்துகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. நிர்வாகத்திடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் பதில் கைக்கு வந்ததும், அதையும் இந்த மதிப்பீட்டில் சேர்ப்பேன்.